கொல்லைப்படியில் தண்ணீர் கேட்டவர்

நண்பகல் லுஹர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஒரு நூல் அளவு மேலே எழும்பி மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்ததை நஃபீசா பார்த்தாள். காற்று இல்லை. புரட்டாசிக் கடைசியின் புழுக்கத்தில் முருங்கை இலைகூட அசையாமல் நின்றது. அந்தக் கதவுக்கு அப்பால் இரண்டு படிகள், துணி துவைக்கிற கல், வேலி, வாய்க்கால், அதைத் தாண்டினால் நீடாமங்கலம் ரயில் பாதை வரைக்கும் வெறும் வயல். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், கூச்சமே இல்லாமல், பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற அளவுச் சத்தத்தில் சொன்னது:

"அம்மா. தண்ணி."

ஆம்பிளை இல்லாத வீட்டில், அதுவும் பின்பக்கமாக வந்து குரல் கொடுக்கிற வேற்று ஆளுக்குக் கதவைத் திறக்கிற வழக்கம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பங்கரை ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து பார்த்தாள். படி காலி. துவைக்கிற கல்லின் மேல் ஓர் ஓணான் உட்கார்ந்து அவளையே பார்த்தது. ஆள் வந்து ஓடியிருந்தால் ஓணான் இப்படி உட்கார்ந்திருக்குமா? அந்த யோசனை வந்ததும் அவள் ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

மாத்திரை ஆரம்பித்து அது ஆறாவது வாரம்.

கல்யாணமாகி ஏழு வருஷம். கணவன் ஹபீப் முகம்மது சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம் வந்து போகிறவன். பிள்ளையே பெறாத அவள் மார்பில் மூன்றாவது வருஷத்திலிருந்து பால் கசிந்தது. வீட்டு விலக்கு அதற்கும் முன்பே நின்றுபோயிருந்தது. முதல் தடவை பால் கறையைப் பார்த்ததும் மாமியார் ஜன்னத் பீவி சந்தோஷம் தாங்காமல் இனிப்பு வாங்க ஆள் அனுப்பினார். அந்த இனிப்பைத் தின்றவர்கள் எல்லாம் அப்புறம் நஃபீசாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஓதி ஊதிய தண்ணீர், நாட்டு மருந்து எல்லாம் முடிந்து, கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். மெட்ராஸில் போய்ப் படம் எடுத்ததில், மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்கிற சுரப்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அறுக்க வேண்டாம், மாத்திரையிலேயே சுருங்கும் என்றார் டாக்டரம்மா. பகலில் அரை, ராத்திரி ஒன்று, சாப்பாட்டோடு.

"பால் நின்னுடும். வீட்டு வெலக்கு தானா வந்துடும். அப்புறம் கொழந்தையும் நிக்கும், பாருங்க. ஆனா ஒண்ணு. சில பேருக்கு இந்த மாத்திரை மனசக் கொழப்பும். இல்லாத சத்தம் கேக்கும், இல்லாத ஆளு கண்ணுக்குத் தெரியும். அப்படி ஏதாச்சும் இருந்தா மறைக்காம ஒடனே வந்துடணும். நிறுத்திடலாம்."

அந்த 'நிறுத்திடலாம்' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ஏனென்றால் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. ஐந்தாவது வாரத்தில் பால் வற்றியது. அதற்கு மூன்றாம் நாள், ஐந்து வருஷத்துக்குப் பிறகு, வயிறு வலித்து இரத்தம் பட்டது. குளியலறையில் உட்கார்ந்து அந்தக் கறையைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள். ஹபீப் மார்கழியில் வருகிறான். மன்னார்குடியில் மகளுடைய பிரசவத்துக்குக் கிளம்பியபோது மாமியார் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் தங்கலன்னா என்னையக் கொற சொல்லாத புள்ள. கூத்தாநல்லூர்ல ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். அவன் என் பேச்சத் தட்ட மாட்டான்."

அதனால் நஃபீசா அந்தக் குரலைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. காலையில் பாத்திரம் தேய்க்க வருகிற பூவம்மாளிடம் மட்டும், கொல்லைப் பக்கம் யாராவது வந்தார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டாள்.

"யாரு வர்றா? ஊரே நடவுல கெடக்கு. நானே உங்க வீட்டுப் பாத்திரத்துக்காகத்தான் ஒரு நடை வந்துட்டு ஓடறேன்," என்றாள் பூவம்மாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அந்தக் குரல் வந்தது. அதற்கு மறுநாளும். நாலாம் நாள்தான் அது யாருடைய குரல் என்று அவளுக்குப் பிடிபட்டது. தங்கையன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் இந்த வீட்டுக்குச் சொந்தமான மூன்று ஏக்கரையும் இருபது வருஷமாகக் குத்தகைக்கு உழுதவர் தங்கையன். கழக ஆட்சி வந்த புதிதில், குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது அவர் பேரும் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏறிவிட்டது. பேர் ஏறிய ஆளை லேசில் கிளப்ப முடியாது. அந்த இடத்தில் ஒரு ரைஸ்மில் போட்டால் ஹபீப் சவூதியை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்று மாமியாருடைய தம்பி அப்துல் வஹாப் யோசனை சொன்னார். ஆடி மாதத்தில் தங்கையனைக் கூப்பிட்டு, சொசைட்டியில் உரம் வாங்குவதற்கான பாரம் என்று சொல்லி ஒரு தாளில் கைரேகை வாங்கினார்கள். நிலத்தை அவராகவே மனமொப்பி விட்டுக்கொடுக்கிறார் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. பத்தாம் வகுப்பு படித்த நஃபீசா காலையிலேயே அதைப் படித்துவிட்டிருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து மைப்பெட்டியை நீட்டியதும் அவள்தான். அவளுக்கு ஹபீப் வேண்டும். மில்லோ, மாட்டுக் கொட்டகையோ, எதைக் கட்டியாவது அவன் ஊரோடு வந்து சேர வேண்டும்.

"இந்த மை போவுமாம்மா?" என்று தங்கையன் திரையைப் பார்த்துக் கேட்டார்.

"எண்ணெ போட்டுத் தேச்சா போயிடும்," என்று அவள் சொன்னாள்.

அவருடைய நாற்றங்காலை டிராக்டர் விட்டு உழுதார்கள். போலீஸ் நின்றது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் செங்கொடி பிடித்து நாலு நாள் கோஷம் போட்டார்கள். ஐந்தாம் நாள் வேறு ஊரில் வேறு தகராறு என்று போய்விட்டார்கள். தங்கையன் ஒரத்தநாட்டில் மகள் வீட்டோடு போய்விட்டதாகப் பேச்சு. அந்தக் குரல்தான் இப்போது கொல்லைப்படியில் நின்று, கோபமில்லாமல், ஒரே மாதிரி, தண்ணீர் கேட்டது.

ஐப்பசி பிறந்ததும் அவர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்தார். வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அவர் காலைச் சுற்றி ஒரு சுழிப்புக் கூட இல்லை. நஃபீசா பிஸ்மில்லாஹ் சொன்னாள், அவர் போகவில்லை. கண்ணை மூடித் திறந்தாள், போகவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற வாசனைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு வருவதற்குள் வாய்க்கால் காலியாக இருந்தது. அன்றைக்கு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துப் படியில் வைத்தாள். மறுநாள் அது வைத்தபடியே இருந்தது, ஒரு முருங்கை இலை மட்டும் மிதந்துகொண்டு.

அந்தத் தெருவில் யாராவது தும்மினால் நாலு வீட்டு ஜன்னல் திறக்கும். அதெல்லாம் முன்பக்கத்தில். பின்பக்கத்துக்குக் காது கிடையாது. பத்து அறை உள்ள வீட்டில் அவள் மட்டும். மணி பன்னிரண்டானால் அரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் சாப்பிட்டால் அவர் வருவார், சாப்பிடாவிட்டால் பிள்ளை வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பிறகு முழுங்குவாள்.

குரல் நிஜந்தானா என்று சோதித்துப் பார்க்கிற யோசனை ஹபீபுடைய டேப் ரிக்கார்டரிலிருந்து வந்தது. அந்தத் தெருவில் சவூதிக்குக் காகிதக் கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. கேசட்டில் பேசி, ஊரிலிருந்து போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்; அங்கிருந்தும் அப்படியே பேசி வரும். ஒரு நாள் அவள் ரிக்கார்டரை ஜன்னல் விளிம்பில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, அசையாமல் உட்கார்ந்தாள். குரல் மூன்று தடவை வந்தது. மூன்றையும் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். பிறகு கேசட்டைத் திருப்பி ஓடவிட்டுக் கேட்டாள். அவளுடைய மூச்சு. ஒரு கரிச்சான் குருவி. தூரத்தில் மன்னார்குடி பஸ்ஸின் ஹாரன். குரல் இல்லை. மூன்று இடத்திலும் இல்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஜின் இல்லை, பேய் இல்லை, தங்கையனும் இல்லை. வெறும் மாத்திரை. மார்கழி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

அதற்குப் பிறகு பயம் பாதியாகக் குறைந்தது. வெளியே சொல்ல வெட்கப்படுகிற ஒன்றும் நடந்தது. பகலில் அவளோடு பேச வேறு யார் இருந்தார்கள்? லுஹர் முடிந்ததும் காது தானாகவே கொல்லைப் பக்கம் போயிற்று. ஒரு நாள் குரல் வரப் பிந்தியபோது, "இன்னிக்கு என்ன இவ்வளவு நேரம்?" என்று கதவைப் பார்த்துக் கேட்டேவிட்டாள். கேட்ட பிறகு தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. விட்டு விட்டு, சோம்பேறித்தனமாகப் பெய்தது. பூவம்மாள் வரவில்லை, கோட்டூர்ப் பக்கம் நடவுக்குப் போகிறேன், நாளைக்குத்தான் வருவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். தெருக்கோடி வீட்டுக் காதர் மைதீன் மறுநாள் விடியற்காலையில் திருச்சி போய் விமானம் ஏறுகிறார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கேசட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நஃபீசா அடுப்பங்கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, ரிக்கார்டரை மடியில் வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். மாமி மன்னார்குடியில இருக்காங்க. மாத்திரைய ஒரு வேளை கூட விடல. நீங்க வர்றப்ப..."

முதலில் நெடி வந்தது. வயலுக்குத் தெளிக்கிற பூச்சி மருந்தின் நெடி, பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, கதவின் அடி இடுக்கு வழியாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. இதுவரை வாசனை வந்ததில்லை. மாத்திரை இப்போது மூக்குக்கும் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

தாழ்ப்பாள் எழும்பவில்லை. கதவு முழுசாக அதிர்ந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

"அம்மா... ஜன்னத்தம்மா இல்லீங்களா?"

குரல் நிற்கிற உயரத்திலிருந்து வரவில்லை. கீழே, படியிலிருந்து வந்தது.

நஃபீசா ரிக்கார்டரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "...நீங்க வர்றப்ப நான் நல்லா தேறி இருப்பேன், இன்ஷா அல்லாஹ். இங்க மழை நல்லா பெய்யுது. கேக்குதா மச்சான்?"

"நஃபீசாம்மா... நீங்கதான? கொஞ்சம் தண்ணி ஊத்துங்கம்மா. எரியுது."

அவர் இதுவரை அவள் பேரைச் சொன்னதே இல்லை. அவள் குரலை உயர்த்தினாள். நேற்று வைத்த மீன் குழம்பைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். சிரித்தாள். கதவுக்கு அப்பால் யாரோ ஓங்கரித்தார்கள். நகம் ஒன்று பலகையை மேலிருந்து கீழாகப் பிறாண்டியது. மெதுவாக.

"அம்மா."

"...இங்க யாரும் இல்ல மச்சான். தனியா இருக்கறது பழகிடுச்சு..."

"தாயே."

பொத்தானை நிறுத்தினாள். கேசட்டைத் திருப்பி ஓடவிட்டுக் கேட்டால் இப்போதே தெரிந்துவிடும். விரல் பொத்தான் மேல் வந்து நின்றது. கேசட்டில் குரல் இல்லையென்றால், பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு, நெடி அடிக்கிற அளவுக்கு முற்றிவிட்டது, டாக்டரம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும், மாத்திரை நின்றுவிடும். குரல் இருந்தால்? அந்த இடத்துக்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. கேசட்டை வெளியே எடுத்து, உறையில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள்.

காதர் மைதீன் முன்வாசலில் குடையோடு நின்றார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று உறையை நீட்டினாள்.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா ஹபீபுகிட்ட?"

அண்ணே, கொல்லைப் பக்கம் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போங்களேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் போய்ப் பார்ப்பார், அங்கே ஒன்றும் இருக்காது, தம்மாம் அறையில் எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லுவார்: தம்பி, உன் பொண்டாட்டி கண்ணுக்கு இல்லாத ஆள் தெரியுதாம்ப்பா. அதுபோதும், கூத்தாநல்லூர்க்காரி இந்த வீட்டுக்குள் வந்து சேர.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

குடை தெருவில் போய் மறைந்தது.

இருட்டுவதற்குள் கொடியில் நனைந்துகிடந்த துணியை எடுத்து உள்ளே காயப்போட வேண்டும். தாழ்ப்பாளை நீக்கித் தள்ளினாள். கதவு பாதியில் எதிலோ இடித்து நின்றது. மழையில் பலகை ஊதியிருக்கும். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மெத்தென்று எதுவோ நகர்ந்தது.

அவர் மேல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகைக் காட்டவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக முகம். வேட்டியெல்லாம் சேறு. உதட்டோரத்தில் நுரை. இரண்டு கையையும் சேர்த்து மடியில் குழித்து வைத்திருந்தார், இந்த மாதிரிக் கொல்லைகளில் வேலைக்கு வந்தவர்களுக்குச் செம்பைத் தூக்கி ஊற்றுவார்களே, அதை வாங்கிக் குடிப்பதற்கு.

மாத்திரை. மாத்திரை. மாத்திரை.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கால்களைத் தாண்டினாள். துணியை வாரிக்கொண்டு திரும்பினாள். அவருடைய கண் அவளோடு நகர்ந்தது. போகும்போதும். வரும்போதும். முன்பெல்லாம் இப்படிப் பார்த்ததில்லை. அவள் பயப்படவில்லை, பயப்படக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டாள். தெரிந்தவரிடம் சொல்வது போலக் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"போயிட்டு நாளைக்கு வாங்க."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். ராத்திரிச் சாப்பாடு. ஒரு மாத்திரை. தலையோடு போர்வை. ஓட்டின் மேல் மழை விடிய விடியப் பெய்தது.

காலை ஆறரைக்கு, அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும்போது, கொல்லைப்பக்க வேலிப் படல் திறக்கிற சத்தம். பூவம்மாளின் கொலுசு. துவைக்கிற கல் வரைக்கும் வந்தது. நின்றது.

தேத்தண்ணி பொங்கி அடுப்பில் வழிந்தது.

"நஃபீசாம்மா," என்று பூவம்மாள் கூப்பிட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது அந்தக் குரல். "இது... தங்கையண்ணன்ல?"

என் கண்ணுக்குத் தெரிகிறவர் இவளுக்கு எப்படித் தெரிந்தார்? அதுதான் நஃபீசாவின் முதல் நினைப்பு. உண்மையாகவே அதுதான். அவள் கதவைத் திறந்தாள். கதவு இடித்தது.

பூவம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஃபீசாவும் எட்டிப் பார்த்தாள். நகம் கீறிய கோடுகள். ஒரு முழ நீளத்துக்கு. சாயம் பெயர்ந்து உள்மரம் தெரிந்தது.

"எப்ப வந்தாங்க? ராவெல்லாமா இங்க கெடந்தாங்க? நீங்க பாக்கலையாம்மா? ஒரு சத்தம் கூடவா கேக்கல?"

கேட்டது. பேரைச் சொல்லிக் கேட்டது. கேசட்டில் இருக்கிறது. மீன் குழம்புக்குப் பின்னால், பூனைக்குப் பின்னால், அவள் சிரிப்புக்குப் பின்னால் இருக்கிறது. இந்நேரம் திருச்சியில் விமானம் கிளம்பியிருக்கும். இரண்டு நாளில் ஹபீப் அதை ஓடவிடுவான். எட்டுப் பேர் கேட்பார்கள்.

"நான் போயி ஆளக் கூட்டியாறேன். தொடாதீங்க," என்று பூவம்மாள் வேலியைத் தாண்டி வரப்பில் ஓடினாள். கொலுசுச் சத்தம் தேய்ந்து போயிற்று.

நஃபீசா உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் குந்தி உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. அவர் கண் திறந்திருந்தது. இப்போது அது அவளோடு நகரவில்லை. மடியில் கைகள் அப்படியே குழிந்து விறைத்திருந்தன. ராத்திரி முழுக்க ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிய மழை அந்தக் கைகளில் விளிம்பு வரை நிறைந்து, தெளிந்து, மேகம் தெரிய நின்றது. செம்பைச் சாய்த்து ஊற்றுவதற்கு அதில் ஒரு சொட்டுக்குக் கூட இடமில்லை.

ஓட்டிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது. விரலிடுக்கில் வழிந்தது.